தெரிந்துகொண்டே பூசிய நஞ்சு: ஈயவெள்ளையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளைக்கு முன்னர் வீட்டுக்குப் பெயின்ட் பூச நினைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள்.

போன லீவில் எங்கள் பாடசாலையின் பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் பூசுவதற்காகச் சிரமதானம் வைத்தோம். பெற்றோர் வந்தார்கள். பெயின்ட் பாஸ் நானா ஒருவர் கூலி எதுவும் வாங்காமல் வந்து உதவினார். ஜன்னல்களிலும் கதவு நிலைகளிலும் பழைய வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அதைக் காயக் காய சேண்ட் பேப்பரால் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்க வெள்ளைத் தூசு. பெற்றோருடன் வந்த சின்னப் பிள்ளைகள் அந்தத் தூசை அள்ளி ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி விளையாடினார்கள். பத்து மணிக்கு நாங்கள் பணிசும் பிளேன்டீயும் கொண்டுபோனோம். தூசு படிந்த கையாலேயே எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். "இந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாதே நானா" என்றோம். "இருவத்தஞ்சு வருஷமா இதத்தானே செய்றோம் சேர். வேல முடிய ரெண்டு வாழப்பழம் சாப்பிட்டாச் சரி" என்று சிரித்தார்.

நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அந்தப் பழைய பெயின்டில் என்ன இருந்தது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஆசிரியர்களான எங்களுக்கும்தான். பிறகு இதைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தச் சிரிப்பு எங்களுக்கு உறுத்தியது. வாசித்ததை ஊரோடு பகிர்ந்துகொள்வது எங்கள் கடமை என்று நினைக்கிறோம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈயவெள்ளை வேறு, வெள்ளீயம் வேறு. வெள்ளீயம் என்பது தகரப் பேணிகளுக்கு உட்பூச்சாகப் பூசப்படும் உலோகம். ஈயவெள்ளை என்பது கறுத்த ஈயத்திலிருந்து செய்யப்படும் ஒரு வெள்ளைத் தூள். நம் இரசாயனப் புத்தக வழக்கில் சொன்னால் அது கார ஈயக் காபனேற்று. இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாக, ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னர் வரை, உலகத்தின் முக்கியமான வெள்ளைப் பெயின்ட் இதுதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தை இறுகப் பிடிக்கும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். வீடு, கப்பல், ரயில் பெட்டி எல்லாவற்றுக்கும் பூசினார்கள். பீங்கானின் மினுமினுப்புக்கும் குழாய் மூட்டுகளை அடைப்பதற்கும் பாவித்தார்கள். ஐரோப்பாவில் சீமாட்டிகள் முகத்துக்கும் பூசினார்கள்.

இதைச் செய்த விதம் விசித்திரமானது. ஒல்லாந்தர் முறை என்று அதற்குப் பெயர். மண்பானைகளில் வினாகிரி ஊற்றி, அவற்றுக்கு மேல் ஈயத் தகடுகளையும் சுருள்களையும் வைப்பார்கள். பானைகளைச் சுற்றிக் குதிரைச் சாணத்தை நிரப்புவார்கள். பிற்காலத்தில் சாணத்துக்குப் பதிலாகத் தோல் பதனிட்டு மிஞ்சிய மரப்பட்டையைப் போட்டார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் அடுக்கி, அந்த அறையைச் சுமார் மூன்று மாதங்கள் மூடிவிடுவார்கள். சாணம் புளித்துச் சூடேறும். அதிலிருந்து காபனீரொட்சைட்டு வெளிவரும். வினாகிரியின் ஆவியும் சேர்ந்து ஈயத்தை மெல்ல மெல்ல அரிக்கும். மூன்று மாதம் கழித்துத் திறந்தால், கறுத்த ஈயம் வெள்ளைச் செதிலாக மாறியிருக்கும்.

ஆபத்து அங்கேதான் தொடங்கும். அந்த வெள்ளையை ஒருவர் கையால் பிரித்தெடுக்க வேண்டும். தட்டில் வைத்துத் தலையில் சுமக்க வேண்டும். அரைத்து, கழுவி, சூடான அறைகளில் காயவைத்து, காய்ந்ததை மறுபடி அள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் தூசு. அது மூச்சோடு உள்ளே போகும். நகத்திலும் உதட்டிலும் படிந்து சாப்பாட்டோடும் உள்ளே போகும். உள்ளே போன ஈயத்தை உடம்பு கல்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும். அங்கே அது பல வருடங்கள் தங்கியிருக்கும்.

முதலில் மலச்சிக்கலும் குடலை முறுக்குவது போன்ற வயிற்று வலியும் வரும். முகம் வெளிறும். பல் முரசில் நீலக் கோடு ஒன்று தெரியும். பிறகு மணிக்கட்டு விழுந்துவிடும், கையை நீட்டினால் உள்ளங்கை தொங்கும். பெயின்டர் ஒருவருக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கும் கையே போய்விடும். பெண்களுக்குக் கருச் சிதையும். மூளையைத் தாக்கினால் வலிப்பு, பார்வை இழப்பு, மரணம்.

இதையெல்லாம் அந்தக் காலத்து மனிதர்கள் அறிந்திருக்கவில்லை என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். வாசிக்க வாசிக்க நேர்மாறாக இருந்தது.

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் நிக்காந்தர் என்ற கிரேக்க எழுத்தாளர் நஞ்சுகளைப் பற்றி எழுதியபோது ஈயவெள்ளையின் நஞ்சையும் விவரித்தார். அடுத்த நூற்றாண்டில் ரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்று சுட்டிக்காட்டி, குடிநீருக்கு ஈயக் குழாய் வேண்டாம் என்றார். ஈயத்திலிருந்து இந்த வெள்ளை உண்டாவதையே அவர் காரணமாகச் சொன்னார். அரபு மருத்துவ நூல்களில் இதன் பெயர் இஸ்ஃபீதாஜ். இப்னு ஸீனா தமது அல்கானூன் நூலில் நஞ்சுகளைப் பற்றிய பகுதியில் இதையும் சேர்த்திருக்கிறார். 1700ஆம் ஆண்டு இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் ஓவியர்களின் நோய்க்கு அவர்கள் கையாளும் வர்ணங்களே காரணம் என்றார்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் இதைக் கவனித்தவர். பாரிஸில் இருந்தபோது, ஈய வயிற்று வலிக்குப் பேர்போன ஷாரித்தே வைத்தியசாலைக்கு அவர் போனார். அங்கிருந்த நோயாளிகளின் தொழில்களைப் பட்டியலில் பார்த்தார். பெயின்டர், குழாய் வேலைக்காரர் என்று ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வகையில் ஈயத்தோடு புழங்குபவர்கள். 1786ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு, பயனுள்ள ஓர் உண்மை தெரிய வந்த பிறகும் உலகம் அதை ஏற்று நடக்க எவ்வளவு காலம் எடுக்கிறது பாருங்கள் என்ற கருத்தில் முடித்தார். அதே வைத்தியசாலையில் பின்னர் வேலை செய்த தான்கெரெல் என்ற வைத்தியர், 1839ல் 1200க்கும் மேற்பட்ட ஈய நோயாளிகளைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஈயவெள்ளைத் தொழிற்சாலைக்காரர்களும் பெயின்டர்களுமே அவர்களில் அதிகம்.

ஆகவே அறிவுக்கு ஒருபோதும் பஞ்சம் இருக்கவில்லை.

மாற்று வழிக்கும் பஞ்சம் இருக்கவில்லை. 1780களிலேயே பிரான்சில் டிஜோன் நகரத்தவர்கள் நாகத்திலிருந்து, அதாவது சிங்க்கிலிருந்து, ஒரு வெள்ளையைச் செய்து காட்டினார்கள். விலை கூட, பூச்சும் மெல்லிசு என்று ஒருவரும் எடுக்கவில்லை. பாரிஸில் லெக்லேர் என்று ஒரு பெயின்ட் கொந்தராத்துக்காரர் இருந்தார். ஏழை வீட்டில் பிறந்து, பிரஷ் பிடித்து முன்னுக்கு வந்தவர். தன் வேலையாட்கள் ஈய நோயில் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், 1840களில் நாக வெள்ளையை மலிவாகச் செய்யும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தார். தன் வேலைகளில் ஈயத்தைக் கைவிட்டார். 1842ல் வேலையாட்களுக்கு இலாபத்தில் பங்கு கொடுக்கவும் ஆரம்பித்தார். தொழில் நட்டப்படவில்லை, வளர்ந்தது. அப்படியும் மற்றவர்கள் அவர் வழியில் போக அவசரப்படவில்லை.

இனி இங்கிலாந்தைப் பார்ப்போம். நியூகாசில் நகரத்திலும் கிழக்கு லண்டனிலும் ஈயவெள்ளைத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றில் வெள்ளையைப் பிரித்தெடுப்பதும் தலையில் சுமப்பதும் காயவைக்கும் அறைகளில் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. பெண்களுக்குக் கூலி குறைவு என்பதே காரணம். விதவைகள், கணவனுக்கு வேலையில்லாதவர்கள், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று வேறு வழியில்லாதவர்களே அங்கே போனார்கள். எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1868ல் அந்தச் சேரிகளுக்குள் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். நாளுக்கு 18 பென்ஸ் கூலிக்கு ஈய ஆலைக்குப் போய் நஞ்சேறிப் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணையும் அவர் கண்டார். அவளைச் சுற்றி இருந்த பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிலருடைய உடம்பு தாங்கும், சிலருடையது சீக்கிரம் விழும் என்பதும் தெரிந்திருந்தது. பட்டினியா ஈயமா என்று கேட்டால் ஈயம் என்பதே அவர்களின் பதில்.

1883ல் பிரித்தானியா ஈயவெள்ளைத் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. குளிக்க இடம், மேலாடை, முகத்துக்குத் துணிக் கவசம், சாப்பிடத் தனியறை, புளிப்பான ஒரு பானம் எல்லாம் கொடுக்க வேண்டும் என்றது. இந்தப் பானத்தைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு வாழைப்பழம்தான் ஞாபகம் வந்தது. கந்தக அமிலம் சில துளி கலந்த அந்தச் சர்பத்தைக் குடித்தால், வயிற்றில் ஈயம் கரையாமல் வெளியேறிவிடும் என்பது நம்பிக்கை. ஈயத்தில் பெரும்பகுதி மூச்சு வழியாகப் போகும்போது சர்பத் என்ன செய்யும்? நானாவின் வாழைப்பழமும் அதே மாதிரித்தான். தூசு நுரையீரலில், பழம் வயிற்றில்.

அந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மை இருந்ததைக் கவனியுங்கள். கழுவு, குடி, முகத்தை மூடு என்று எல்லாமே தொழிலாளிக்கு இட்ட கட்டளைகள். நோய் வந்தால், நீ ஒழுங்காகக் கழுவவில்லை என்று அவள் மேலேயே பழி போட்டுவிடலாம். தூசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1895ல் ஈய நோயை அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1900ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியத் தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈய நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். ஈயவெள்ளைத் தொழிற்சாலைகள் அதில் முன்வரிசை.

1898ல் அரசு இன்னொரு வழி பிடித்தது. மிக ஆபத்தான வேலைகளில் பெண்களை வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. அந்தப் பெண்கள் நஞ்சிலிருந்து தப்பினார்கள், அதோடு சம்பளமும் போனது. அதே இடத்துக்கு ஆண்கள் வந்தார்கள். தூசு குறையவில்லை, அதைச் சுவாசித்தவர்கள்தான் மாறினார்கள்.

அதே 1898ல் பிரித்தானியத் தொழிற்சாலைகளின் முதலாவது மருத்துவப் பரிசோதகராக தோமஸ் லெக் என்பவர் நியமிக்கப்பட்டார். அமைதியாக வேலை செய்தவர். நோயாளி நோயாளியாகப் பார்த்து, கணக்கெடுத்து, எந்தப் படியில் தூசு கிளம்புகிறதோ அந்தப் படியில் அதை உறிஞ்சி எடுக்கும் விசிறிகளைப் பூட்ட வைத்தார். நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கியது. வாழ்நாள் முழுக்கப் பார்த்ததிலிருந்து அவர் எடுத்த முடிவின் சாரம் இது: முதலாளி செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடிக்கும்வரை, தொழிலாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகச் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினோம் என்று சொன்னாலும் பிழையில்லை.

அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர் ஒரு பெண் வைத்தியர், அலிஸ் ஹமில்டன். 1910ல் இலினோய் மாநிலத்தில் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். வைத்தியசாலைப் பதிவேடுகளையும் புரட்டினார். தொழிலாளரின் வீடுகளுக்குப் போய், சமையலறையில் உட்கார்ந்து மனைவிமாரோடும் பேசினார். நாட்டின் மிகப் பெரிய ஈயவெள்ளைக் கம்பெனியின் உபதலைவர் எட்வர்ட் கோர்னிஷிடம், உங்கள் ஆட்கள் நஞ்சேறி விழுகிறார்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். அவர் நம்பவில்லை, அத்தாட்சி கேட்டார். ஹமில்டன் தேடிப்போய், வைத்தியசாலையில் படுக்க வேண்டிய அளவுக்குக் கடுமையான 22 நோயாளிகளின் விபரங்களைக் கொண்டுவந்து வைத்தார். கோர்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசை அடக்கும் ஏற்பாடுகளும் வைத்தியர்களும் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வந்தன. அப்போது அங்கே அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. செலவு செய்யும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர் நம்பினார், அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கு வெளியே பெயின்டர்களின் நிலைமை இன்னும் மோசம். தொழிற்சாலையில் விசிறி பூட்டலாம். ஊர் ஊராக, வீடு வீடாக வேலை செய்பவனுக்கு யார் விசிறி பூட்டுவார்கள்? பழைய பூச்சைக் காயக் காயத் தேய்ப்பதே அவர்களின் வேலையில் ஆக ஆபத்தான பகுதி என்பது எல்லா நாட்டுப் பரிசோதகர்களுக்கும் தெரிந்தது. பிரான்சில் பெயின்டர்களின் சங்கங்கள் வருடக்கணக்காகப் போராடின. 1909ல் அந்த நாடு பெயின்ட் வேலைகளில் ஈயவெள்ளையைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 1915 ஜனவரி முதல் அது அமுலுக்கு வந்தது.

1921ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூடியது. கட்டடங்களின் உட்புறப் பெயின்ட் வேலைக்கு ஈயவெள்ளை பாவிக்கக் கூடாது, உலர்ந்த தூளாகக் கொடுக்காமல் பசையாகவோ தயார் பெயின்டாகவோதான் கொடுக்க வேண்டும், காயத் தேய்ப்பதால் எழும் தூசைத் தடுக்க வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. ரயில் நிலையங்கள், தொழிற்சாலைகளுக்கு விதிவிலக்கு வைத்த, விட்டுக்கொடுப்பு நிறைந்த உடன்படிக்கைதான். அப்படியிருந்தும் பிரித்தானியா அதை ஏற்க மறுத்தது. 1926ல் தனக்கென ஓர் இலகுவான சட்டத்தைச் செய்துகொண்டது. 28 வருடங்கள் அரச சேவையில் இருந்த தோமஸ் லெக், தன் அரசு கையொப்பமிட மறுத்ததற்காக அந்த வருடமே பதவியைத் துறந்தார். அமெரிக்காவும் அதை ஏற்கவில்லை.

இதுவரை சொன்னது தொழிலாளரின் கதை. ஆனால் சுவரில் பூசியது சுவரிலேயே இருந்துவிடுவதில்லை. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் 1890களில் பிள்ளைகள் விளங்காத ஒரு நோயோடு வைத்தியசாலைக்கு வந்தார்கள். வயிற்று வலி, கை கால் சோர்வு, சிலருக்குப் பார்வை மங்கல். அது ஈய நஞ்சு என்று வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் தொழிற்சாலைப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் 1904ல் விடையைச் சொன்னார். வீட்டு வராந்தாவின் கைப்பிடிக் கம்பிகள். வெயிலில் வெந்து தூளாகும் வெள்ளைப் பெயின்ட். அதைப் பிடித்து விளையாடிவிட்டு விரல் சூப்பும், நகம் கடிக்கும் பிள்ளைகள். 1922ல் குயின்ஸ்லாந்து மாநிலம், பிள்ளைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்ட் பூசுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது.

அமெரிக்கா வீட்டுப் பாவனைக்கான ஈயப் பெயின்டைத் தடைசெய்தது 1978ல். கிப்சன் சொல்லி 74 வருடங்கள் கழித்து. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்களான எங்களுக்கு இது வேறு மாதிரியாகவும் வலிக்கிறது. வலிப்போ வாதமோ வராத அளவு கொஞ்ச ஈயம்கூடப் பிள்ளையின் கவனத்தையும் கற்கும் திறனையும் குறைக்கும் என்று இன்று உறுதியாகியிருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, எதிலும் மனம் பதியாத பிள்ளையை "மக்கு" என்று எத்தனை பேர் ஏசியிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் வராந்தாக் கம்பியைப் பிடித்து விளையாடியவர்கள்?

கடைசியில் ஈயவெள்ளையை வீழ்த்தியதில் சட்டத்துக்கு மட்டுமல்ல, இன்னொரு வெள்ளைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தக் கதை நம் நாட்டையும் தொடுகிறது. 1791ல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஒரு கறுப்பு மணலைச் சோதித்து, அதில் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதுதான் டைட்டேனியம். அதன் ஒட்சைட்டு, ஈயவெள்ளையை விட நன்றாக ஒளியைச் சிதறடிக்கும் பளிச்சென்ற வெள்ளை. 1916 அளவில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் அதைத் தொழிற்சாலைகளில் செய்யத் தொடங்கினார்கள். இன்று பெயின்ட் மட்டுமல்ல, பிளாஸ்டிக், கடதாசி, பற்பசை வரை வெள்ளையாக இருக்கும் பல பொருட்களில் இருப்பது இந்த டைட்டேனியம் டைஒக்சைட்தான்.

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கறுப்பு மணல், இல்மனைட், இதன் மூலப்பொருட்களில் ஒன்று. 1957ல் அதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. நாம் மணலை ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டில் செய்த வெள்ளைத் தூளை இறக்குமதி செய்கிறோம்.

இந்தப் புதிய வெள்ளை ஈயத்தைப் போன்ற நஞ்சு அல்ல. ஆனால் அதன் நுண்ணிய தூசைத் தொடர்ந்து சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் உணவில் அதைச் சேர்ப்பதை நிறுத்தியது. காய்ந்த பெயின்டாகச் சுவரில் இருக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை. மறுபடியும் பிரச்சினை தூசுதான்.

இலங்கையில் பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011ல் உச்ச அளவுகளை விதித்தது. 2013 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டம் கடையில் விற்கும் புதிய டின்னுக்குத்தான். வாப்பா காலத்தில் பூசிய ஜன்னலுக்கும், கேற்றின் அடியில் இருக்கும் பழைய செம்மஞ்சள் ஈயப் பூச்சுக்கும், பழைய பாடசாலைக் கதவுக்கும் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பூச்சு பிடித்த இடத்தில் இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. காயத் தேய்க்கும் நாளில்தான் அத்தனை வருட நஞ்சும் ஒன்றாகக் கிளம்பும். வெள்ளையில் மட்டுமல்ல, பழைய மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் எனாமல்களிலும் ஈயம் இருந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லை. பழைய பூச்சைத் தேய்க்க முன்னர் தண்ணீரால் நனைக்க வேண்டும், நீரில் பாவிக்கும் பேப்பரால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். பேர்னரால் சுட்டு உரிக்கக் கூடாது, மின்சார மெஷினால் காயத் தேய்க்கவும் கூடாது. கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, உதிர்ந்ததை அப்படியே சுருட்டி எடுக்க வேண்டும். தும்புத்தடியால் கூட்டினால் தூசு மறுபடி பறக்கும், ஈரத் துணியால் துடைப்பதே சரி. கைலேஞ்சி கட்டினால் நுண்தூசு நிற்காது, சரியான தூசு மாஸ்க் வேண்டும். சாப்பிட முன்னர் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவ வேண்டும். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவக் கூடாது. சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. நீண்ட காலம் இந்த வேலை செய்தவர்கள், வயிற்று வலியோ கை சோர்வோ இருந்தால், வைத்தியரிடம் தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈயத்தின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம்.

இதை வாசிக்கும் பலர், பாஸ்மார்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கக்கூடும். லெக் சொன்னதை மறந்துவிட வேண்டாம். ஈரமாகத் தேய்த்தால் வேலை தாமதமாகும். ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். அந்த அரை நாள் கூலியை யார் கொடுப்பது? "பெருநாளைக்கு முதல் முடிச்சுத் தாங்க நானா" என்று அவசரப்படுத்துவது யார்? மாஸ்க் வாங்கிக் கொடுக்க வேண்டியது யார்? வேலை கொடுக்கும் நாம்தான். நியூகாசிலில் முதலாளி என்றால் ஒரு கம்பெனி. நம் ஊரில் முதலாளி என்றால் வீட்டுக்காரர், பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அன்று சிரமதானத்தில் அந்த இடத்தில் நின்றது நாங்கள். பணிஸ் கொண்டுபோன எங்களுக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோகத் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் இன்னும் ஐந்து வகுப்பறைகளின் ஜன்னல்கள் மிச்சமிருக்கின்றன. அடுத்த லீவில் அவற்றைச் செய்யப்போகிறோம். ஈரமாகத் தேய்ப்பதற்கும் கூடுதல் நாளுக்கும் சேர்த்தே செலவு போட்டிருக்கிறோம். இந்த முறை பாஸ் நானாவுக்குக் கூலியும் உண்டு. பிள்ளைகளை அன்று கூட்டிவர வேண்டாம் என்று பெற்றோரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

உங்களுக்குத் தெரிந்த பெயின்ட் பாஸ்மார் இருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதற்கு முன்னர், அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.